ஆறு நிமிடத்தில் ஒரு பையனை அளக்க முடியாது: சேலம் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்துப் பள்ளி, கல்லூரி, மன்றக் கால்பந்துக் குழுக்களுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளர்களுக்கும், தேர்வு மேசையில் அமர்பவர்களுக்கும், போட்டிகளை நடத்தும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் ஐந்து நாள் காலையில் சிறுவர்களோடு திடலில் நிற்கிறேன். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். இரண்டு மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். புதிதாக வரும் ஓர் ஆட்டக்காரனைப் பற்றி நாம் எழுதி வைக்கும் மதிப்பீட்டில், அவனுக்கு எத்தனை நிமிடம் ஆடக் கிடைத்தது, எந்த இடத்தில் ஆட விட்டோம், ஆட்டம் எந்த நிலையில் இருந்தபோது இறக்கினோம் என்ற மூன்று விவரங்களும் கட்டாயம் இருக்க வேண்டும். இவை இல்லாத ஒரு தாளை வைத்துக்கொண்டு எந்தப் பையனையும் 'போதாது' என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சென்ற ஆண்டு டிசம்பரில் நான் பார்த்த ஒரு தேர்வு முகாமைச் சொல்கிறேன். எந்தக் குழுவுக்கான முகாம் என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் நான் பார்த்த முகாம்களில் பெரும்பாலானவை அப்படித்தான் நடந்தன. ஏற்காட்டைத் தாண்டிய ஒரு மலைக்கிராமத்திலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே அடிவாரம் இறங்கி, ஏழேகாலுக்கெல்லாம் திடலில் நின்றான். காலில் இருந்த பூட்ஸ் அவனுடைய பெரியப்பா மகனுடையது. ஓர் அளவு பெரியது என்பதால் முன்பக்கம் துணியைத் திணித்து, லேஸை அடிப்பாகத்தோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தான். அவன் எண்ணைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு பத்து.

பெயர் கொடுக்கும்போது லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், என்று சொன்னவனை, அந்த இடத்துக்கு ஆள் நிறைந்துவிட்டது என்பதால் வலது ஓரத்தில் முன்னேறித் தாக்கும் ரைட் விங்கில் நிறுத்தினார்கள். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். ஆறு நிமிடம் இருபது விநாடியில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அவன் பந்தை மூன்று முறை தொட்டிருந்தான். முதலாவது ஒரு த்ரோ-இன். இரண்டாவது, பழக்கமில்லாத வலது காலுக்கு வந்த ஒரு பாஸ், முழங்காலுக்குக் கீழே பட்டுக் கோட்டைத் தாண்டிப் போனது. மூன்றாவது முறை, எதிரணி விங்கர் எல்லோரையும் தாண்டிப் போய்விட்ட பிறகு, பாதித் திடலும் பின்னால் ஓடி வந்து, உடம்பைக் குறுக்கே கொடுத்து, ஃபவுல் இல்லாமல் பந்தை எடுத்துக் கோல்கீப்பரிடம் நிதானமாகத் தட்டிவிட்டான். ஒரு லெஃப்ட் பேக்கிடம் தேட வேண்டியது அந்த மூன்றாவதைத்தான். அந்த நேரத்தில் மேசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்து முந்தைய குழுவின் மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தாளில் அவன் எண்ணுக்கு நேரே 'வேகம் சுமார், பந்துக் கட்டுப்பாடு குறைவு' என்று எழுதியிருந்தது. அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். "பரவாயில்லைங்க சார், ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சா பொழுதோட ஊடு போயிரலாம்ங்க, நாளைக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகணும்" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

ஆறு நிமிடம் என்பது எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையாகவே உருளும் நேரம் ஒரு மணி நேரத்தைத் தொடுவதே அரிது. த்ரோ-இன், ஃபவுல், கார்னர், காயம் என்று மீதி கழிந்துவிடுகிறது. உருளும் நேரத்தையும் 22 பேர் பங்கிட்டுக்கொள்வதால், ஓர் ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது ஆட்டம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு, மூன்று நிமிடம்தான். அந்த வீதத்தில் ஆறு நிமிடம் ஆடியவனின் காலில் பந்து பத்துப் பன்னிரண்டு விநாடி இருந்தால் அதிகம். பந்து இல்லாத நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான், பக்கத்தில் இருப்பவன் முன்னே ஏறினால் அந்த இடத்தை மூடுகிறானா, பந்து போனதும் முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பவற்றைப் பார்ப்பதற்கு ஒரு பாதியாவது வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கட்டி வாங்க வருபவர் டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்க்காமல் விலை பேசுவதில்லை. தூரத்திலிருந்து பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு எவரும் பணத்தை எடுத்து வைப்பதில்லை. அந்தப் பொறுமை நம் ஊருக்குப் புதிதில்லை.

குறைந்த வாய்ப்பை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன இழந்திருப்போம் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. ஆட்டம் வேறு என்றாலும் கிரிக்கெட் பந்துவீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது 6 ஆட்டம், எடுத்தது 2 விக்கெட். அடுத்த இரண்டு பருவங்களும் ஹைதராபாத் அணியில் இருந்தும் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. 2020-ல் 16 ஆட்டம் கொடுத்தார்கள், 16 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டின் இறுதியில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போய், மற்றவர்களுக்குக் காயம் பட்டதால் இடம் கிடைத்து, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் ஆட்டக்காரர் ஆனார். அந்த 6 ஆட்டத்தோடு கணக்கை மூடியிருந்தால், 2 விக்கெட் என்ற எண்தான் அவரைப் பற்றிய முழு உண்மையாக எழுதப்பட்டிருக்கும். கால்பந்திலும் இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. முகமது சலா 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி அணிக்கு வந்தபோது அந்நாட்டு லீகில் 13 முறைதான் இறங்கினார், 2 கோல் போட்டார். அதே லீகில் 2017-18 பருவத்தில் லிவர்பூலுக்காக அவர் போட்டது 32 கோல்.

நிமிடத்தை எழுதினால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. இப்போது கல்லூரிப் பயிற்சியாளர்கள் சிலர் மடிக்கணினியில் புள்ளிவிவரம் வைத்திருக்கிறார்கள், அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் '90 நிமிடத்துக்கு இத்தனை கோல்' என்ற வீதக் கணக்கு, ஆடிய நேரம் குறையக் குறைய ஏமாற்றும். கடைசிப் பத்து நிமிடத்தில் இறங்கி ஒரு கோல் போட்டவனுக்கு அந்தக் கணக்கு ஒன்பது கோல் என்று காட்டும். இரண்டாம் பாதியின் பிற்பகுதியில் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் களைத்திருப்பார்கள், திடல் திறந்து கிடக்கும். அப்போது இறங்கும் ஸ்ட்ரைக்கருக்கு வேலை சற்று எளிது. அதே நேரத்தில், ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்ற இறக்கிவிடப்படும் புதிய டிஃபென்டருக்கோ உயிர் போகிற வேலை. அவன் ஒன்பது பந்தை வெட்டி எறிந்தாலும் பத்தாவது பந்து நழுவினால் அந்த ஒன்றுதான் நம் நினைவில் நிற்கும். நான்கு கோல் முன்னிலையில் கிடைக்கும் இருபது நிமிடமும் கோல் இல்லாத ஆட்டத்தில் கிடைக்கும் இருபது நிமிடமும் ஒன்றாகா. ஆகவே நிமிடத்துக்குப் பக்கத்தில் அப்போதைய கோல் நிலையையும் ஒரு சிறு எண்ணாகக் குறித்துவிட்டால், ஆறு மாதம் கழித்துத் தாளைப் புரட்டும்போது நாம் யாரை நியாயமாகப் பார்த்தோம், யாரைப் பார்க்கவேயில்லை என்பது தெரிந்துவிடும்.

பயிற்சியாளர்கள் புதியவர்களை இறக்கத் தயங்குவதற்குக் காரணம் கல்நெஞ்சம் இல்லை என்பதை நான் அறிவேன். நம் போட்டிகள் நடக்கும் முறைதான் காரணம். குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் அன்றே பை கட்ட வேண்டும், தலைமை ஆசிரியரிடம் பதில் சொல்ல வேண்டும். 16 குழுக்கள் வந்தால் 8 குழுக்கள் ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏறிவிடுகின்றன. அந்த ஓர் ஆட்டத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து புதிதாக வந்தவனை இறக்கிப் பார்க்க எவருக்குத் துணிவு வரும்? போட்டி நடத்துவோரிடம் என் வேண்டுகோள் இங்கேதான் இருக்கிறது. முதல் சுற்றில் தோற்ற 8 குழுக்களுக்கும் தனியாக ஒரு தொடர் வைத்தால் கூடுதலாக ஆவது 7 ஆட்டங்கள்தான். ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் உறுதியாகிவிடும், அந்த இரண்டாவது ஆட்டத்தில் புதியவர்கள் மூச்சு விட்டு ஆடுவார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் விஷயத்திலும் விதி நமக்குத் தடையாக இல்லை. 2020-ல் கொரோனா காலத்துக்கென்று தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று என்ற ஏற்பாடு 2022-ல் நிரந்தர விதியாகிவிட்டது. இளையோர் ஆட்டங்களில் வெளியே எடுத்தவரைத் திரும்பவும் இறக்கலாம் என்பதற்கும், சங்கம் ஒப்புக்கொண்டால், ஆட்ட விதியிலேயே இடம் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். கோல்கீப்பர்களுக்கு இது இன்னும் அவசியம். இரண்டாவது கோல்கீப்பராகச் சேர்ந்து, முழுப் பருவமும் குழுவின் தண்ணீர் கேனைத் தூக்கிவிட்டுப் போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோல்வியைப் பொறுத்துக்கொண்டு நிமிடங்களைக் கொடுத்ததால் என்ன விளைந்தது என்பதற்கு இந்தியன் ஆரோஸ் அணியை நினைத்துப் பாருங்கள். 2017 அக்டோபர் 9 அன்று டெல்லியில், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட கோல்தான் ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். அந்தப் பையன்கள் பெரிய கிளப்புகளுக்குப் போனால் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்று தெரிந்து, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவர்களையே ஓர் அணியாக்கி, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், ஐ-லீக் என்ற தேசியக் கிளப் தொடரின் அந்தப் பருவத்தில் இறக்கியது. பத்து அணிகளில் பத்தாவதாக வந்தார்கள். பட்டியலை மட்டும் பார்த்தால் அது படுதோல்வி. ஆனால் அந்த அணியில் வாரா வாரம் பெரியவர்களோடு மோதிய ஜீக்சன் சிங், சுரேஷ் சிங் வாங்ஜம், அன்வர் அலி, ரஹீம் அலி ஆகியோர் பிறகு மூத்தோர் தேசிய அணிக்கே ஆடினார்கள். 2022-ல் அந்த அணியைக் கலைத்தது சரியா என்பது தனி விவாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன் என்பதையும் எழுதியாக வேண்டும். பணியில் இருந்தபோது, தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், மெலிந்தவன், மிட்ஃபீல்டில் ஆட வந்தான். பயிற்சியில் அவன் பாஸ் அழகாக இருக்கும். ஆட்டத்தில் இறக்கினால் தள்ளிவிடுவார்கள் என்று நானே முடிவு செய்து, முழு ஆண்டும் வெளியே உட்கார வைத்தேன். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை. ஏன் என்று வீட்டில் போய்க் கேட்டேன். "சார், நான் நல்லா ஆடலைன்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன் சார், ஆடவே இல்லையே" என்றான். அன்றிரவு ஆட்டக் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு முழுவதும் சேர்த்து அவனுக்கு நான் கொடுத்திருந்தது பதினேழு நிமிடம், அதுவும் நான்கு துண்டுகளாக. அவன் ஆட்டத்தைப் பற்றி நான் வைத்திருந்த கருத்து அத்தனையும் அந்தப் பதினேழு நிமிடத்தின் மேல் கட்டியது. அதற்குப் பிறகுதான் நிமிடங்களைக் கூட்டி எழுதும் பழக்கம் எனக்கு வந்தது.

அந்தப் பழக்கத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பெஞ்சில் இருக்கும் மாணவன் ஒருவன், ஒரு கைக்கடிகாரம் போதும். ஒரு பக்கத்தில் ஒரு பையன். இறங்கிய நிமிடம், வெளியே வந்த நிமிடம், ஆடிய இடம், அப்போதைய கோல் நிலை, எதிரணி யார் என்பவை ஒரு வரி. அதன் கீழே, அவன் செய்த ஒரு நல்ல காரியமும் திருத்த வேண்டிய ஒரு காரியமும், கண்ணால் கண்டபடி. 'சுறுசுறுப்பு இல்லை' என்று எழுதக் கூடாது. 'பந்து இழந்ததும் நின்றுவிட்டான், இரண்டு முறை' என்று எழுத வேண்டும். நூறு நிமிடம் சேரும் வரை அந்தப் பக்கத்தில் முடிவு எதையும் எழுதுவதில்லை என்று நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். நூறு என்ற எண்ணுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, அனுபவத்தில் வந்தது. உங்களுக்குச் சரியென்று படும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓர் எண் இருக்கட்டும். அந்த நிமிடங்களை ஐந்தைந்தாகச் சிதறவிடாமல் ஒரு பாதியாகவாவது சேர்த்துக் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் புதியவனுக்கு நடுக்கத்திலேயே போய்விடும், அதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம்.

வயதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிமிடங்கள் யாருக்குப் போகின்றன என்பதை அதுதான் சத்தமில்லாமல் தீர்மானிக்கிறது. ஜனவரி முதல் தேதியை எல்லையாக வைத்துப் பிரிக்கும்போது, ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பதின்மூன்று வயதில் பதினொரு மாதம் என்பது நான்கு விரல் உயரம், அரும்பு மீசை, உடைந்த குரல். 1985-ல் கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், மேல்மட்டத்தில் ஆடுபவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். பல நாடுகளின் இளையோர் கால்பந்திலும் பின்னர் அதுவே தெரிந்தது. பெரிய உடம்புக்காரன் முதலில் தேர்வாகிறான், அதனால் அதிக நேரம் ஆடுகிறான், அதனால் உண்மையிலேயே தேறிவிடுகிறான்; நாம் அதைப் பிறவித் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காக மே, ஜூன் மாதத் தேதியைப் பிறந்த நாளாக எழுதிவிடுவது கிராமங்களில் நெடுநாள் வழக்கமாக இருந்தது, ஆகையால் சான்றிதழ் மாதத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. கண்ணால் பார்த்து, வளர்ச்சி பிந்திய பிள்ளைகளை அதே வளர்ச்சியில் இருப்பவர்களோடு சில ஆட்டங்களாவது ஆட விடுங்கள். அந்த ஆட்டங்களில் தள்ளுவதற்கு உடம்பு உதவாது என்பதால், யாருக்குத் தலை வேலை செய்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பெண்கள் குழுக்களில் நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்ற பிறகும், பல பள்ளிகளில் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதே பாடாக இருக்கிறது. ஆகவே போன மாதம் பூட்ஸ் வாங்கிய பெண் இந்த மாதம் முழு ஆட்டமும் ஆடுகிறாள், கடைசி இருபது நிமிடம் கால் இழுத்துக்கொள்கிறது, அந்த இருபது நிமிடத்தை வைத்து 'ஸ்டாமினா இல்லை' என்று அவள் பெயருக்கு நேரே எழுதிவிடுகிறோம். அவளுடைய முதல் நாற்பது நிமிடத்தைத் தனியாக மதிப்பிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எழுதியதை அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள். தேர்வாகாதவர்களின் பெயரை விட்டுவிட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. 'உனக்கு இத்தனை நிமிடம் கொடுத்தோம், இந்த இடத்தில், இதைப் பார்த்தோம், இதைப் பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை' என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் வருவான். எனக்கு வந்திருக்கிறார்கள்.

என் நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து, கேட்கும் எவருக்கும் தரத் தயாராக இருக்கிறேன். அடுத்த தேர்வு முகாமில் நேரம் குறிக்க ஆள் இல்லை என்றால் நானே வந்து கடிகாரத்தோடு உட்காருகிறேன். மலையிலிருந்து வந்த அந்தப் பையனையும் அன்று கூட்டி வருவேன். தெரிந்தவரிடம் கேட்டு அவன் காலுக்குச் சரியான பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அவனைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்கமாட்டேன். லெஃப்ட் பேக்கில், கோல் விழாத ஓர் ஆட்டத்தில், முப்பது நிமிடம் அவனுக்குக் கொடுங்கள். அந்த முப்பது நிமிடமும் தலையை நிமிர்த்திப் பாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கோரிமேடு, சேலம்.